சாம்பிள் அனடைஸ், வந்த சாமான் பெயின்ட்: வீட்டில் லேசர் வேலை செய்கிறவர்கள் கவனம்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் வீட்டில் சின்ன லேசர் மெஷின் வைத்து வேலை செய்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் வாசிங்க. கருப்பு அலுமினியத் தகடு மலிவாகத் தாறோம் என்று முகநூலில் ஓடுகிற விளம்பரத்தை நம்பி இன்னும் யாரும் காசு போடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் கல்லடியில் முன்னறையில் 10 வாட் டயோட் லேசர் ஒன்று வைத்திருக்கிறேன். கீ டேக், வீட்டுப் பெயர்ப்பலகை, கேடயத்தில் ஒட்டுகிற பெயர்த் தகடு, இதுகள்தான் வேலை. ஒரு பாடசாலையின் பழைய மாணவர்கள் பரிசளிப்பு விழாவுக்குக் கேடயத் தகடு கேட்டார்கள். கருப்பில் வெள்ளை எழுத்து வேண்டும், வருசக்கணக்கில் சுவரில் தொங்கினாலும் அழியக்கூடாது. அதற்கு அனடைஸ் தகட்டை விட்டால் நல்ல சாமான் இல்லை.

ஏன் என்று தெரியாதவர்களுக்கு: வெறும் அலுமினியத்தில் இந்த டயோட் லேசர் ஒன்றும் செய்யாது. ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அடித்துவிடும், மிச்சச் சூட்டையும் தகடு முழுக்கப் பரப்பிவிடும். அனடைஸ் செய்யும்போது தகட்டை சல்பூரிக் அமிலத் தொட்டிக்குள் வைத்து மின்சாரம் விடுவார்கள். மேற்பரப்பே ஒட்சைட்டாக மாறும். அந்தப் படை முழுக்க நுண்ணிய துவாரங்கள். சாயம் அதற்குள் இறங்கியபின் கொதிநிலைக்குக் கிட்டின தண்ணீரில் வைத்துத் துவாரத்தை மூடிவிடுவார்கள். சாதாரண வேலைக்கு அந்தப் படையின் தடிப்பு 5 முதல் 25 மைக்ரோன். லேசர் பட்டால் உள்ளே இருக்கிற சாயம் மட்டும் வெளுக்கும், படை அப்படியே இருக்கும். அதனால்தான் எழுத்தைத் துடைத்தாலும் உரசினாலும் லேசில் போகாது. நகத்தால் தடவிப் பார்த்தால் பள்ளமும் தெரியாது.

இனிக் கதைக்கு வருவோம். கொழும்பில் இருந்து கூரியரில் அனுப்புகிற ஒரு பக்கம். பெயரை இங்கே போடவில்லை, உள்பெட்டியிலும் கேட்காதீங்க, முறைப்பாடு போய்க்கொண்டிருக்கிறது. முதலில் சாம்பிள் கேட்டேன். கீ டேக் அளவில் ஒரு துண்டு வந்தது. போட்டுப் பார்த்தேன், எழுத்து சுத்தமான வெள்ளை, புகையுமில்லை மணமுமில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் 200க்கு 300 மில்லிமீற்றர் அளவில், 1 மில்லிமீற்றர் தடிப்பில் 20 தகடு ஓடர் கொடுத்தேன். ஒன்று 1,600 ரூபா. பாதிக் காசு வங்கியில் போட்டேன், மீதி கூரியர்காரர் கையில்.

வந்த தகடுகளைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல ஏலாது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பிலிம், நல்ல மட்டான கருப்பு. சாம்பிளுக்குப் பாவித்த அதே பவர், அதே வேகம் வைத்து ஓடவிட்டேன். முதல் எழுத்து முடியமுதலே மூக்கில் ஏறுகிற கருகல் மணம். அன்றைக்குக் கச்சான் காற்று வேறு. யன்னல் வழியாக வெளியே தள்ளுகிற புகையை அப்படியே வீட்டுக்குள் திருப்பி அனுப்பியது. மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் எழுத்தைச் சுற்றி மண்ணிறக் கறை, தொட்டால் விரலில் ஒட்டுகிற கரி. நகத்தை வைத்து இழுத்தால் எழுத்தின் ஓரத்தில் தட்டுப்பட்டு நிற்கிறது. கியூடெக்ஸ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து ஒரு மூலையைத் தேய்த்தேன். பஞ்சு கருப்பு, தகட்டில் பளபளவென்று வெள்ளி நிறம். வேர்னியர் வைத்து அளந்தால் தடிப்பும் 1 மில்லிமீற்றர் இல்லை, 0.7தான்.

உடனே படமும் வீடியோவும் அனுப்பினேன். பதில் வந்தது: "அண்ணா, உங்கட மெஷின்ல பவர் காணாது. எங்கட மற்றக் கஸ்டமர் எல்லாம் பைபர் லேசர்லதான் அடிக்கிறாங்க." பவர் காணாமல்தான் தகடு கருகியதாம்! நீங்கள் அனுப்பின சாம்பிள் இதே மெஷினில், இதே அளவில் வெள்ளையாக வந்ததே தம்பி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பிலிமை உரிச்சிட்டீங்க அண்ணா, இனி ரிட்டன் எடுக்க மாட்டம்." பிலிமை உரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்க்கிறது? அதைக் கேட்டதோடு என்னை புளொக் பண்ணிவிட்டார்கள்.

பைபர் லேசர் என்ற கதையில் ஏமாறாதீங்க. பைபர் லேசர் ஒளியின் அலைநீளம் 1064 நனோமீற்றர், எங்கள் நீல டயோட் 450 பக்கம், CO2 லேசர் என்றால் 10.6 மைக்ரோன். சாயம் போட்ட அனடைஸ் தகட்டில் இந்த மூன்றாலும் எழுதலாம். பெயின்ட் அடித்த தகட்டை எந்த லேசரில் வைத்தாலும் பெயின்ட்தான் எரியும். பெயின்ட் எரிந்த இடத்தில் கீழே இருக்கிற பளபளப்பான உலோகம் ஒளியைத் திருப்பி அடிக்கும், அது கண்ணுக்குக் கேடு. அந்த அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடி இல்லாமல் மெஷின் பக்கம் போகவே கூடாது.

சாம்பிளை மட்டும் சோதித்தால் காணாது, வந்த கட்டில் நடுவில் இருந்து ஒன்றை உருவி எடுத்துச் சோதிக்க வேணும். அசிட்டோன் உள்ள ரிமூவரோ தின்னரோ போட்டுத் தேய்த்தால் நிறம் பஞ்சில் வரக்கூடாது. ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீங்க, சூளையில் சுட்ட பவுடர் கோட்டிங் லேசில் கரையாது. அதற்குக் கத்தி முனைதான் சரி. ஓரத்தில் கீறினால் பெயின்டும் பவுடரும் பென்சில் சீவல் மாதிரிச் சுருண்டு வரும். அனடைஸ் படை அப்படி உரியாது, கத்திதான் வழுக்கும். மல்டிமீற்றர் வைத்துப் பார், கரண்ட் கடத்தாவிட்டால் அனடைஸ் என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அனடைஸ் படை கடத்தாது என்பது உண்மைதான், பெயின்டும்தான் கடத்தாது. வெறும் தகட்டைப் பிடிக்க மட்டும் அந்தச் சோதனை உதவும். காந்தம் ஒட்டினால் அது அலுமினியமே இல்லை, திருப்பி அனுப்புங்க.

காசு போனது ஒரு பக்கம். என்னைக் கூடப் பயமுறுத்தியது வேறு விசயம். நிறத் தகடு என்று விற்கிறதில் சிலது பீவீசீ பிளாஸ்டிக் ஒட்டினது. பீவீசீயை லேசரில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும். நுரையீரலையும் அரிக்கும், மெஷினின் இரும்பையும் கண்ணாடி வில்லையையும் அரிக்கும். பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டு அறையில் இதை ஓடவிட ஏலுமா? சந்தேகமென்றால் வெளியில் வைத்து, செப்புக் கம்பி ஒன்றைச் சுவாலையில் சிவக்கக் காய்ச்சி, அந்தப் படையில் ஒற்றி, திரும்பவும் சுவாலையில் பிடியுங்க. பச்சைச் சுவாலை வந்தால் குளோரின் இருக்கிறது, அந்தத் தகட்டைத் தொடவே வேண்டாம். கடைப் பெயர்ப்பலகைக்கு அடிக்கிற ஏசீபீ சீட்டையும் அலுமினியம் என்றுதான் விற்பார்கள். அதன் இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தோல், நடுவில் பிளாஸ்டிக். வெட்டின ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்போ எங்கே வாங்குகிறது என்று கேட்பீர்கள். யன்னல், கதவு அடிக்கிற அலுமினியக் கடைகளில் வெட்டுத்துண்டு கிடைக்கும். கல்முனையிலும் டவுணிலும் கேட்டுப் பார்த்தேன், இப்போது அதிகம் பவுடர் கோட்டிங்தான். அனடைஸ் சட்டம் இருந்தாலும் வெண்கல நிறத்தில்தான் இருக்கும். அந்த நிறம் பெரும்பாலும் சாயத்தால் வாறதில்லை, தகர உப்புக் கரைசலில் மின்சாரம் விட்டு ஏற்றுகிறது. வெயிலுக்கு அசையாது, ஆனால் என்ட மெஷினில் எழுத்து மங்கலாகத்தான் விழுந்தது. வெள்ளி நிற அனடைஸ் சட்டத்தில் வெளுக்கச் சாயமே இல்லை, அதில் எழுத்து எடுபடாது. ஆக, சாயம் போட்ட தகட்டைக் கொழும்பில் இருந்தோ வெளிநாட்டில் இருந்தோதான் எடுக்க வேண்டியிருக்கு. எடுக்கும்போது பில்லில் "சாயம் ஏற்றிய அனடைஸ் அலுமினியம்" என்று தடிப்போடு எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித்தர மாட்டம் என்கிற கடைக்கு அட்வான்ஸ் போடாதீங்க. மதிலில், கேற்றில் மாட்டுகிற பலகைக்குக் கருப்பையே எடுங்க. சிவப்பும் ரோசாவும் எங்கட வெயிலில் கெதியில் வெளிறிவிடும்.

பழைய மாணவர்களின் வேலையைக் கடைசியில் இன்னொருவரிடம் இருந்த நல்ல தகட்டைக் கடனாக வாங்கி முடித்துக் கொடுத்தேன். லாபம் ஒரு சதமும் இல்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சாமான் விற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேணும். தொலைபேசி இலக்கம் 1977. வங்கிச் சீட்டு, கூரியர் சீட்டு, சாட்டில் கதைத்தது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்க. புளொக் பண்ணமுதல் எடுங்க. இதே தகட்டில் மாட்டுப்பட்ட ஆக்கள் கிழக்கில் இன்னும் இருந்தால் கீழே சொல்லுங்க, உங்கட முறைப்பாட்டையும் அனுப்பினால் நல்லது.

நேற்று அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தம்பி ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணே, இது நல்ல சாமானா?" என்று கேட்டார். பக்கத்தின் பெயர் புதிசு. படங்கள் எல்லாம் எனக்கு அனுப்பின அதே படங்கள். 20 தகடு எடுத்தால் 2 இலவசமாம்.