மரம் வெட்டும் தொழிலுக்குக் கருவி: எதைப் புதிதாக வாங்கலாம், எதைப் பழசாக?

புதுசா, செகண்ட் ஹேண்டா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. கருவிக்குக் கருவி மாறும். தேய்மானம் கண்ணுக்குத் தெரியுமா, தேய்ந்த பாகத்தை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் பழசைப் பேரம் பேசலாம்.

ஏறும் கயிறு, இடுப்புப் பட்டை, ஹெல்மெட் மூன்றுக்கும் இரண்டுமே இல்லை. நைலானும் பாலியஸ்டரும் வெயிலிலும் ரசாயனத்திலும் வலுவிழக்கும். ஓர் ஆள் விழுந்ததைத் தாங்கிய கயிறு வெளிப்பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

செயின்சாவில் முடிவு அவ்வளவு எளிதல்ல. தினமும் ஓடப்போகும் ரம்பம் என்றால் புதுசே மேல். பாதி வேலையில் நின்றால் கூலியும் நாளும் போகும். எப்போதாவது எடுக்கும் பெரிய ரம்பத்தைப் பழசாக வாங்கலாம், ஆனால் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சைலன்சர் பக்கம் நெடுங்கீறல் இருந்தால் எண்ணெய் குறைந்த பெட்ரோலிலோ, காற்று அதிகமாகக் கலந்த நிலையிலோ சூடேறி ஓடியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் கீறல் என்றால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) 120 பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். ஐடிலில் ஓடவிட்டு ரம்பத்தை இருபுறமும் சாய்த்துப் பாருங்கள். வேகம் ஏறி இறங்கினால் கிராங்க் சீல் (இன்ஜின் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையம்) கசிகிறது என்று சந்தேகிக்கலாம். பார்க்கப் போகும்போது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாத ரம்பமோ என்று சந்தேகிக்கலாம்.

உண்மையில் பணம் மிச்சமாகும் இடம், வெட்டிய கிளைகளைச் சில்லுகளாக்கும் சிப்பர்தான். கனமான இரும்பு, எளிய அமைப்பு, புதிதாக வாங்கினால் முதல் சில வருடங்களிலேயே விலை சரியும். அந்தச் சரிவை முதல் உரிமையாளர் தலையில் விட்டுவிடலாம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரை மட்டும் நம்பவேண்டாம், அதை மாற்றிவிடுவார்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, பிளேடு பொருத்திய டிரம் முழுதும் நின்ற பிறகு ஒரு கம்பியால் நெம்பிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் செலவு காத்திருக்கிறது. பிளேடு தேய்ந்திருப்பது பெரிய விஷயமல்ல, மாற்றிவிடலாம். பிளேடு உட்காரும் இடத்தில் வெடிப்போ, போல்ட் மரை அழிந்தோ இருந்தால்தான் ஆபத்து. மொண்ணை பிளேடை வைத்தே ஓட்டிய இயந்திரத்தில் அதிர்வு பேரிங்கைத் தின்றிருக்கும். ஹைட்ராலிக் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கிளை தள்ளும் வாயில் உள்ள பாதுகாப்புக் கம்பியை அழுத்தினால் கிளையை உள்ளே இழுக்கும் ரோலர் உடனே நிற்க வேண்டும். அதைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கும் ஆள் எண்ணெயை ஒழுங்காக மாற்றியிருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

அடிமரக் கட்டையைச் சீவி எடுக்கும் ஸ்டம்ப் கிரைண்டருக்கும் இதே கணக்கு; பற்களை விட, அவை பொருந்தும் சக்கரத்தைப் பாருங்கள்.

ஆளைத் தூக்கும் பூம் வண்டியை வேறு தராசில் நிறுக்க வேண்டும். வெல்டிங் ஓரமாகப் பெயிண்டில் துருக்கோடு கசிந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். அங்கே மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் இன்னும் மோசம். ஆளில்லாத கூடையை உயர்த்தி, இன்ஜினை அணைத்து 15 நிமிடம் விடுங்கள். தானாக இறங்கினால் சிலிண்டர் சீலோ, பிடித்து நிறுத்தும் வால்வோ போய்விட்டது. மின்கம்பி பக்கம் போகும் வண்டிக்குச் சமீபத்திய மின்காப்புச் சோதனைச் சான்று இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பழசு வாங்குபவர் விலையோடு பெல்ட், ஹோஸ், பேட்டரி, டயருக்கென்று ஒரு தொகையைத் தனியே வைத்திருக்க வேண்டும். புதுசு வாங்குபவருக்கு வாரண்டி உண்டு, ஆனால் வேலை மந்தமான மாதத்திலும் தவணை வரும். பழசுக்கு முன்பணம் தரும் முன் மாடல் எண்ணைச் சொல்லி டிரம் பேரிங், கிளட்ச், கார்புரேட்டர் கிட் இன்னும் கிடைக்கிறதா என்று உதிரிபாகக் கடையில் கேளுங்கள். சீரியல் எண்ணைச் சுரண்டியிருந்தால், விலையைக்கூடக் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.