ரோலாக வாங்கும் டோர் பீடிங்: பழைய காரில் எங்கே தேறும், எங்கே ஒழுகும்

பழைய மாடலுக்குக் கம்பெனி டோர் ரப்பர் கிடைக்காதபோது பலரும் நாடுவது, ரோலாக விற்கும் பொதுப் பீடிங்கைத்தான். அடியில் உலோகப் பட்டை பொதிந்த யு வடிவப் பிடி இருக்கும். அதன் உச்சியிலோ பக்கவாட்டிலோ உள்ளே கூடான ஸ்பாஞ்ச் ரப்பர் குழல் ஓடும். கதவு வாசலைச் சுற்றியுள்ள தகட்டு விளிம்பில் பசையே இல்லாமல் அழுத்தி மாட்டிவிடலாம். அளவு சரியாக அமைந்துவிட்டால், தண்ணீரை நிறுத்துவதில் கம்பெனி ரப்பருக்கு இது சளைத்ததில்லை. அளவு தப்பினால் கதவும் மூடாது, ஒழுகலும் நிற்காது.

வாங்குவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். பீடிங் மேல் பழி விழுந்து, உண்மைக் காரணம் வேறெங்கோ இருப்பது மிகச் சாதாரணம். கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் கதவுக்குள் புகுந்து, அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறும்படிதான் கதவையே அமைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது டோர் பேடுக்கு (கதவின் உட்புறப் பலகைக்கு) பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட். ஸ்பீக்கரையோ பவர் விண்டோ மோட்டாரையோ மாற்றும்போது அந்த ஷீட் கிழிந்திருந்தாலும், அதன் கருப்புப் பியூட்டைல் பசை காய்ந்து பிடி விட்டிருந்தாலும் கார்பெட் நனையும். டோர் பேடின் கீழ் விளிம்பு ஈரமாக இருந்தால் முதல் சந்தேகம் ஷீட்டின் மேல்தான். வடிகால் ஓட்டைகள் சேறு பிடித்து அடைத்திருக்கின்றனவா என்றும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். ஏசி ஓடும்போது மட்டும் முன்பக்கக் கால்வைக்கும் இடம் நனைந்தால் அது ஏசி வடிகுழாய் அடைப்பு. சன்ரூஃப் உள்ள கார்களில் அதன் வடிகுழாய்களையும் பார்க்க வேண்டும்.

பீடிங்தான் குற்றவாளியா என்று கண்டுபிடிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். கதவு வாசலில் காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுங்கள். நல்ல இடத்தில் காகிதம் இறுகிப் பிடித்து மெதுவாக வரும். ஒழுகும் இடத்தில் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு சாணுக்கு ஒரு தடவை என்று சுற்றிலும் செய்து, தளர்ந்த இடங்களில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பிறகு ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் ஹோஸைக் குறைந்த வேகத்தில் கீழிருந்து மேலாகக் காட்ட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எந்த உயரத்தில் புகுந்தது என்று தெரியாமல் செய்துவிடும்.

காகிதம் சுற்றிலும் இறுகிப் பிடித்து, ஒரே பக்கத்தில் மட்டும் தளர்ந்தால் புது ரப்பர் வாங்குவது வீண். கதவைப் பாதி திறந்து பின் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஹிஞ்ச் (கதவுக் கீல்) பின் தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பீடிங்கும் நிற்காது. ஆட்டம் இல்லை என்றால் தூணில் உள்ள ஸ்ட்ரைக்கரை (கதவு லாக் வந்து மாட்டும் கொக்கியை) சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, ஸ்க்ரூவைத் தளர்த்தி, அரை மில்லிமீட்டர் உள்ளே தட்டி இறுக்கினாலே பல கதவுகளில் ஒழுகல் நின்றுவிடும். பழைய ரப்பர் மெத்தென்று இருந்து பிடி மட்டும் தளர்ந்திருந்தால், அதைக் கழற்றி யு வடிவ உலோகப் பட்டையைப் பிளையரால் லேசாக நெருக்கி மறுபடி மாட்டலாம். நகத்தால் அழுத்தினால் திரும்பி எழாத குழலும், மடக்கினால் வெடிப்பு காட்டும் குழலும் மட்டுமே மாற்ற வேண்டியவை.

இனி அளவு. தேவைப்படுவது மூன்று கணக்கு. தகட்டு விளிம்பின் தடிமன், குழலின் விட்டம், குழல் நிற்கும் திசை. விளிம்பில் இரண்டு மூன்று தகடுகள் ஸ்பாட் வெல்டில் சேர்ந்திருப்பதால் தடிமன் ஒரே சீராக இருக்காது. வெர்னியரால் மேலே, கீழே, தூண் பக்கம் என்று நாலைந்து இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததும் மிக அதிகமானதும் பீடிங்கின் பிடி வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். கதவுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அறிய, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி விளிம்பில் வைத்துக் கதவை மூடித் திறந்தால் போதும். நசுங்கி மிஞ்சிய தடிமன்தான் இடைவெளி. கதவு மூடியதும் குழல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமுங்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் இடைவெளிக்குப் பதினைந்து மில்லிமீட்டர் குழல் என்பது நல்ல கணக்கு. "இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்தால் இன்னும் நன்றாக அடைக்கும்" என்று நினைத்துப் பெரிதாக வாங்குவதுதான் இந்தப் பொருளுக்குக் கெட்ட பெயர் வரக் காரணம். தடித்த குழல் கதவின் மேல் சட்டத்தை வெளியே தள்ளும். லாக் விழுந்தாலும் மேல் மூலையில் சந்து விட்டு, மழையோடு காற்றுச் சத்தமும் உள்ளே வரும்.

பொருளின் தரத்தில் ரப்பர் வகை முக்கியம். ஈபிடிஎம் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) என்று குறிப்பிட்டதை மட்டும் எடுங்கள். வெயிலையும் ஓசோனையும் தாங்குவதில் அதற்கு ஈடு குறைவு. பிவிசி பீடிங் பார்வைக்கு அதே கருப்புதான். வெயில் பட்டுப் பட்டு விறைத்து, மூலையில் வெடிக்கும். துண்டை வெட்டிப் பார்த்தால் பிடிப்பகுதியின் உள்ளே ரப்பர் இதழ்கள் இரு பக்கமும் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதழ் குட்டையாக உள்ளது கையாலேயே உருவி வந்துவிடும். குழலில் இடைவெளி விட்டுச் சிறு ஓட்டைகள் இருந்தால் அவற்றை அடைக்கக் கூடாது. கதவு மூடும்போது குழலுக்குள் இருக்கும் காற்று போக அதுதான் வழி.

மாட்டும் வேலை கடினமில்லை, பொறுமை வேண்டும். படிக்கட்டுப் பிளாஸ்டிக்கையும் (கதவு வாசலின் கீழ் விளிம்பை மூடியிருப்பது) தூண் பேனல் ஓரத்தையும் தளர்த்தி, பழைய ரப்பரை அதன் இணைப்பிலிருந்து உருவுங்கள். விளிம்பில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டு, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். துருவின் மேல் மாட்டினால் ரப்பருக்கு அடியில் ஈரம் தங்கி விளிம்பையே தின்றுவிடும். புதுப் பீடிங்கின் முனையைக் கீழே, படிக்கட்டின் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். மேலே இணைப்பு வந்தால் கூரைத் தண்ணீர் நேராக அதில்தான் இறங்கும். கையால் அழுத்திக்கொண்டே போய், பிறகு ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வையுங்கள். எங்கேயும் இழுக்காதீர்கள். இழுத்து மாட்டிய ரப்பர் சில வாரங்களில் சுருங்கி, இணைப்பில் வாய் திறக்கும். மூலைகளில் விளிம்பை விட்டு எழும்பும்.

மூலைதான் இந்தப் பீடிங்கின் பலவீனம். கம்பெனி ரப்பரில் மூலைகள் பெரும்பாலும் அச்சில் வார்த்து வரும். ரோலில் நேர்ப் பகுதியை வளைத்தாக வேண்டும். வளைவு நெருக்கமானால் குழல் மடிந்து பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் சொட்டும். மூலைக்கு இரு பக்கமும் சேர்த்து ஒரு கை நீளத்துக்கு மூடிய செல் ஃபோம் (தண்ணீர் உறிஞ்சாத நுரை) கயிற்றைக் குழலுக்குள் செருகினால் மடிப்பு வராது. குழலின் உள்விட்டத்தைவிடச் சற்று மெலிந்த கயிறாகப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் எளிதாக நுழையும். பிடிப்பகுதி வளைய மறுத்தால் அதில் மட்டும் சிறு வி வெட்டு போடலாம். குழலில் பிளேடு படக் கூடாது. வட்டமான மூலை உள்ள கதவுகளில் இது அழகாக உட்காருகிறது. கூர்மையான மூலை உள்ளவற்றுக்கு, பழைய ரப்பரின் வார்த்த மூலை நல்ல நிலையில் இருந்தால் அதை வெட்டி எடுத்து நேர்ப் பகுதியோடு ஒட்டுவதே மேல். கதவுச் சட்டம் இல்லாமல் கண்ணாடி நேராக ரப்பரில் வந்து உட்காரும் கார்களுக்கு இதை வாங்கவே வேண்டாம். அவற்றின் ரப்பர் வடிவமே வேறு.

சுற்றி முடித்ததும் உடனே வெட்டாதீர்கள். மிச்சத்தைத் தொங்கவிட்டு, கதவை மூடி ஒரு இரவு விடுங்கள். ரப்பர் தன் இடத்தில் அமர்ந்த பிறகு ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு நேராக வெட்டி, இரு முனைகளையும் நெருக்கி முட்டவிட்டு, ஒரு சொட்டு சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் குளூ) வையுங்கள். சிலிக்கான் சீலன்ட் ஈபிடிஎம்மில் சரியாகப் பிடிக்காது, சில நாளில் உரிந்து வரும்.

இதே வேலைக்கு என்று விற்கும், பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிய டி வடிவ, பி வடிவப் பட்டைகள் மாற்று அல்ல, துணை மட்டுமே. கம்பெனி ரப்பர் நன்றாக இருந்து, ஒரு ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பற்றாக்குறை என்றால் பயன்படும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்ட பரப்பில்தான் ஸ்டிக்கர் நிற்கும்.

புதுப் பீடிங்கில் முதல் சில வாரம் கதவைச் சற்று ஓங்கி மூட வேண்டியிருக்கும். அதற்காக உடனே ஸ்ட்ரைக்கரை வெளியே நகர்த்திவிட்டால், ரப்பர் அமர்ந்த பிறகு கதவு தளர்ந்து மறுபடி ஒழுகும். ஒரு மாதம் கழித்தும் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தால் குழல் பெரிது என்று அர்த்தம். அப்போது மாற்ற வேண்டியது பீடிங்கை. ஆண்டுக்கு இரண்டு முறை ஈரத் துணியால் துடைத்துச் சிலிக்கான் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸும் துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயும் ஈபிடிஎம்மை ஊத வைத்துக் கொழகொழப்பாக்கும். அவற்றைக் கதவு ஹிஞ்சில் அடிக்கும்போதுகூடப் பீடிங் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.