ஜிஏ4 டேட்டா எடுக்க எந்த பைதான் லைப்ரரி? ரெண்டையும் ரொம்ப நாள் ஓட்டின அனுபவம்

கூகுள் அனலிட்டிக்ஸ் (இப்ப இருக்கிற வெர்ஷன்தான் ஜிஏ4) டேட்டாவ பைதான்ல எடுக்கணும்னு தேடினா ரெண்டு லைப்ரரி வந்து நிக்கும். ஒண்ணு கூகுள்-ஏபிஐ-பைதான்-கிளையண்ட், ரொம்ப பழசு, இன்னொண்ணு கூகுள்-அனலிட்டிக்ஸ்-டேட்டா, ஜிஏ4 கூட வந்தது. ரெண்டுமே கூகுளோடதுதான், ரெண்டும் அதே ஏபிஐயதான் (ப்ரோக்ராம் வழியா டேட்டா கேக்கற வாசல்) கூப்பிடுது, வர்ற நம்பரும் ஒண்ணுதான். அப்புறம் ஏன் இத பத்தி இவ்ளோ எழுதணும்னா, கோட் எங்க ஓடுதுங்கறத பொறுத்து ஒண்ணு சுகமா இருக்கும் இன்னொண்ணு உசுர வாங்கும், அது எந்த டுடோரியல்லயும் வராது.

நான் பாக்குறது நியூஸ் சைட்டுங்க, கொஞ்சம் ஆன்லைன் கடைங்க. முந்தின நாள் ரிப்போர்ட்ட காலைல எடுத்து டேட்டாபேஸ்ல போடுற க்ரான் ஜாப் (நேரம் வெச்சு தானா ஓடற ப்ரோக்ராம்) ஒண்ணு, எடிட்டோரியல் ஆளுங்க நாள் பூரா திறந்து வெச்சிருக்கிற டேஷ்போர்ட் ஒண்ணு. ஜிஏ4க்கு முந்தின யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் காலத்துல இருந்தே பழைய லைப்ரரிதான் ஓடிச்சு. 2023 ஜூலை 1ல அதோட சாதாரண ப்ராப்பர்ட்டிங்க (ஒவ்வொரு சைட்டுக்கும் இருக்கிற அனலிட்டிக்ஸ் கணக்கு) டேட்டா வாங்கறத நிறுத்திடுச்சு, அடுத்த வருஷம் ஜூலைல பழைய ஏபிஐயும் மூடியாச்சு, எல்லாருமே கோட மாத்த வேண்டிய நிலைமை. அப்பதான் புது லைப்ரரிய கொண்டு வந்தோம். இன்னிக்கு வரைக்கும் ரெண்டும் வேற வேற மெஷின்ல ஓடிட்டு இருக்கு.

பழசுல இருந்து ஆரம்பிக்கறேன். இதுக்குள்ள அனலிட்டிக்ஸ்னு தனியா எதுவும் எழுதல, டிஸ்கவரி டாக்குமெண்ட்னு ஒவ்வொரு ஏபிஐக்கும் ஒரு ஃபைல் இருக்கு, அத படிச்சு ஓடும்போதே மெத்தடுங்கள உருவாக்கிக்கும். அதனால எடிட்டர்ல ஆட்டோகம்ப்ளீட் சரியா வராது, ஆனா டிக்‌ஷனரிய குடுத்தா டிக்‌ஷனரியா திரும்பி வரும், அத அப்படியே ஜேசனா எழுதிக்கலாம், வேற எந்த கன்வர்ஷனும் வேணாம். இதோட பெரிய பலம் என்னன்னா அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல், ஷீட்ஸ் மூணையும் ஒரே லைப்ரரில ஒரே சர்வீஸ் அக்கவுண்ட்ல (ப்ரோக்ராம் லாகின் பண்ற கணக்கு) முடிச்சிடலாம். கடைக்காரங்களுக்கு ஷீட்ல ரிப்போர்ட் போடுற ஜாப் எங்ககிட்ட இன்னும் இதுலதான் ஓடுது, மாத்தற எண்ணமே இல்ல. மெயின்டெனன்ஸ் மோட்னு ரீட்மீலயே போட்டிருக்காங்க, பலர் அத பாத்து பயந்துடறாங்க. பக் ஃபிக்ஸும் செக்யூரிட்டி ஃபிக்ஸும் வரும், லைப்ரரிக்குன்னு புது வசதி வராது, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம். ஏபிஐல புதுசா ஒரு ஃபீல்ட் வந்தா டிஸ்கவரி டாக்குமெண்ட் வழியா இங்கயும் வந்துடும்.

குறைன்னா ரெண்டு. 2.0 வெர்ஷன்ல இருந்து அந்த டாக்குமெண்ட் எல்லாத்தையும் பேக்கேஜுக்குள்ளயே வெச்சுட்டாங்க, நமக்கு வேண்டியது ஒரு ஏபிஐ, இறங்கறது நூத்துக்கணக்குல. அடுத்தது அடியில இருக்கிற ஹெச்டிடிபிலிப்2ங்கற லைப்ரரி த்ரெட்-சேஃப் கிடையாது, அதாவது பல த்ரெட் ஒரே ஆப்ஜெக்ட்ட பகிர்ந்தா குழம்பிடும், பல ப்ராப்பர்ட்டிய த்ரெட் போட்டு ஒரே நேரத்துல எடுக்கறதா இருந்தா ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியா ஹெச்டிடிபி ஆப்ஜெக்ட் செஞ்சு குடுக்கணும், கூகுள் டாக்குமெண்டேஷன்லயே இது இருக்கு.

இப்ப புதுசு. இதுல எல்லாத்துக்கும் டைப் இருக்கு, டேட்ரேஞ்ச், டைமென்ஷன் (எத வெச்சு பிரிக்கறோம்), மெட்ரிக் (எத எண்ணறோம்)னு தனித்தனி கிளாஸ், டீம்ல புதுசா சேர்ற பசங்களுக்கு எடிட்டரே பாதி சொல்லிக் குடுத்துடும். ஃபீல்ட் பேர தப்பா அடிச்சா ரிக்வெஸ்ட் வெளிய போறதுக்கு முன்னாடியே எரர் வரும், பழசுல அது சர்வர் வரைக்கும் போய் 400ன்னு (ரிக்வெஸ்ட் தப்பு) எரர் வாங்கிட்டு வரும். ஆனா இதுல ஒரு எல்லை இருக்கு. மெட்ரிக் பேரு வெறும் ஸ்ட்ரிங்தான், பழைய ஞாபகத்துல பேஜ்வியூஸ்னு குடுத்தா டைப் எதுவும் காப்பாத்தாது, ஜிஏ4ல அது ஸ்க்ரீன்பேஜ்வியூஸ், இத சர்வர்தான் சொல்லும். எல்லா பேரையும் தர்ற மெட்டாடேட்டா ரிக்வெஸ்ட்ட ஒரு தடவ ஓட்டி பேருங்கள சேவ் பண்ணி வெச்சுக்கிட்டா நல்லது.

புதுசோட உண்மையான சங்கதி ஜிஆர்பிசி, அதாவது சர்வர் கூட பேச கூகுள் செஞ்ச முறை. ஒண்ணும் சொல்லாம விட்டா அதுலதான் பேசும். லேப்டாப்ல அருமையா ஓடும். டேஷ்போர்ட்ட கன்யிகார்ன்ல (பைதான் வெப் சர்வர்) ப்ரீலோட் போட்டு ஓட்டறவங்க மட்டும் இத கவனமா படிங்க: மாஸ்டர் ப்ராசஸ்லயே கிளையண்ட்ட உருவாக்கி அதுலயே ஒரு கால் போயிடுச்சுன்னா, அப்புறம் அதுல இருந்து ஃபோர்க் ஆகிற (நகலா பிரியற) வொர்க்கர்ல போற கால் எரரும் தராம பதிலும் தராம டைம்அவுட் வரைக்கும் அப்படியே தொங்கலாம். லாக்ல எதுவுமே இருக்காது, ஏபிஐ ஸ்லோன்னு நெனச்சு தேட ஆரம்பிச்சா கண்டுபிடிக்கவே முடியாது. வொர்க்கருக்குள்ள, முதல் ரிக்வெஸ்ட் வரும்போது கிளையண்ட்ட உருவாக்குங்க, தீர்ந்துச்சு. ஆஃபீஸ் ப்ராக்ஸி ஹெச்டிடிபி 2வ சரியா விடாத இடங்கள்லயும் ஜிஆர்பிசி திணறும்.

அதனால நான் எல்லா இடத்துலயும் கிளையண்ட் உருவாக்கும்போதே ட்ரான்ஸ்போர்ட்டுக்கு ரெஸ்ட்னு (சாதாரண ஹெச்டிடிபில ஜேசன் அனுப்பற முறை) குடுத்துடறேன். ஒரு நாளைக்கு நாம எடுக்கிற ரிப்போர்ட் அளவுக்கு ஜிஆர்பிசியோட வேகம் தெரியவே தெரியாது, நேரம் போறதெல்லாம் கூகுள் பக்கம் க்வெரி ஓடறதுலதான். ரெஸ்ட் குடுத்தாலும் ஜிஆர்பிசி பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகத்தான் செய்யும், அதோட டேட்டாவ பேக் பண்ற ப்ரோட்டோபஃபும் வரும். 2022 மே மாசம் ப்ரோட்டோபஃப் 4.21 வந்தப்போ டென்சர்ஃப்ளோ வெச்சிருந்தவங்க வெர்ஷன் ஒத்துப்போகாம பட்ட பாடு நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். மெஷின் லேர்னிங் கோட் இருக்கிற என்விரான்மென்ட்லயே இதையும் போடாதீங்க, தனி வெர்ச்சுவல் என்வ் வெச்சுக்கங்க.

ரெஸ்டுக்கு மாறும்போது ஒரு நுணுக்கம், இது எங்கயும் எழுதி நான் பாத்ததில்ல. கோட்டா (ஏபிஐய கூப்பிட கூகுள் வெச்ச அளவு) தீந்துட்டா ஜிஆர்பிசில ரிசோர்ஸ்எக்ஸாஸ்டட்னு எக்செப்ஷன் வரும். ரெஸ்ட்ல அதே விஷயம் டூமெனிரிக்வெஸ்ட்ஸ்னு வரும். முன்னதோட பேரண்ட் கிளாஸ்தான் பின்னது, அதனால டூமெனிரிக்வெஸ்ட்ஸ பிடிச்சா ரெண்டுலயும் மாட்டும், முன்னத மட்டும் பிடிச்சா ரெஸ்ட்ல நழுவிடும்.

கோட்டான்னதும் சொல்லிடறேன், லைப்ரரி மாத்தினா இது மாறாது. சாதாரண ப்ராப்பர்ட்டிக்கு ஒரு நாளைக்கு 2,00,000 டோக்கன் (ரிக்வெஸ்ட்டோட கனத்த பொறுத்து கழியற யூனிட்), ஒரு மணி நேரத்துக்கு 40,000, ஒரே நேரத்துல 10 ரிக்வெஸ்ட். பெரிய தேதி வரம்பும் நிறைய டைமென்ஷனும் குடுத்தா டோக்கன் மளமளன்னு கரையும். ரிட்டர்ன் ப்ராப்பர்ட்டி கோட்டாவ ஆன் பண்ணி மீதிய லாக்ல எழுதிட்டே வாங்க. பழைய லைப்ரரில எக்ஸிக்யூட்டுக்கு நம்ரீட்ரைஸ் குடுத்தா 500ல ஆரம்பிக்கிற சர்வர் எரருக்கும், கோட்டா தீந்தா வர்ற 429க்கும் தானா திரும்ப முயற்சி பண்ணும், வசதிதான், ஆனா சர்வர் எரருக்கும் மணிக்கு 10ன்னு தனி கோட்டா இருக்கு, அஞ்சாறு ரீட்ரைன்னு வெச்சா அதையும் தின்னுடும்.

அதே மாதிரி ரெண்டுலயும் நம்பர் எல்லாம் ஸ்ட்ரிங்காதான் வரும், இன்ட்டா மாத்திட்டு கூட்டுங்க. லிமிட் குடுக்கலன்னா 10,000 ரோவோட நின்னுடும், எரர் வராது, ரோகவுண்ட்ட பாத்தாதான் மீதி இருக்கறது தெரியும். பூஜ்ஜியம் வர்ற ரோ டீஃபால்ட்டா வராது, தேதி வாரியா கிராஃப் போடறவங்க நடுவுல காணாம போற நாள தாங்களே நிரப்பிக்கணும். தமிழ்ல ஸ்லக் (யுஆர்எல்ல வர்ற கட்டுரை பேரு) வெக்கிற சைட்டுங்களுக்கு இன்னொரு வேலை இருக்கு, ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியீடும் யுஆர்எல்ல 9 கேரக்டரா விரியும், பேஜ்பாத் அந்த கோலத்துலதான் வரும், டீகோட் பண்ணிட்டுத்தான் எடிட்டர் கிட்ட காட்ட முடியும்.

அமேசானோட லாம்டா மாதிரி சின்ன இடத்துல ஓட்டறதுன்னா ரெண்டு லைப்ரரியுமே வேணாம்னுதான் சொல்வேன். கூகுள்-ஆத் கூட ரிக்வெஸ்ட்ஸ், ஆதரைஸ்ட் செஷன் ஒண்ணு, ரன்ரிப்போர்ட்டுக்கு ஒரு போஸ்ட், முடிஞ்சுது. க்ரான் ஜாப்ப இப்படி மாத்தினதுல கன்டெய்னர் சைஸ் நல்லா குறைஞ்சுது, டிபென்டன்சி அப்டேட்னு திங்கக்கிழமை உக்கார்ற வேலையும் போச்சு. டேஷ்போர்ட்ல மட்டும் புது லைப்ரரிய ரெஸ்ட்ல வெச்சிருக்கேன், அங்க நாலஞ்சு பேர் கோட தொடறாங்க, டைப் இருக்கறது அவங்களுக்கு உதவுது. ஃபனல் ரிப்போர்ட் (வாசகர் படிப்படியா எங்க நழுவறாங்கன்னு காட்றது) கேக்கறவங்க அந்த லைப்ரரிலயே வி1ஆல்ஃபா கிளையண்ட்ட எடுக்கணும், வழக்கமா எடுக்கிற வி1பீட்டா கிளையண்ட்ல அது இல்ல. ஆல்ஃபாங்கறதால எப்ப வேணா மாறலாம், அத தனி ஃபைல்ல ஒதுக்கி வெச்சு வெர்ஷன பின் பண்ணிடுங்க.