ஓட்டோ ஸ்ராண்டில ஒரு போளை விளையாட்டு

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியடியில ஓட்டோ ஓடுறன். ஒரு ஹயருக்கும் அடுத்ததுக்கும் இடையில சில நாள் ஒண்டரை மணித்தியாலம் சும்மா இருக்க வரும். பேப்பர் கால் மணியில முடிஞ்சிடும். மிச்சத்துக்கு போனில போட்டு வைச்சிருக்கிற போளை விளையாட்டுத்தான். அதைப் பற்றித்தான் எழுதுறன். குறை சொல்லப் போறதால விளையாட்டின்ர பேர் எழுதேல்லை.

நடுவில ஒரு தவளை. வளைஞ்ச பாதையில நிறநிறமாப் போளையள் ஒண்டையொண்டு தள்ளிக்கொண்டு வரும். தவளை துப்புற போளையால ஒரே நிறத்தில மூண்டு சேர்ந்தா வெடிக்கும். வரிசை போய்க் கடைசிக் குழிக்குள்ள விழுந்தா நாங்கள் தோத்தம்.

சின்னனில ஒழுங்கையில நாங்கள் போளை அடிச்சது குழிக்குள்ள விழுத்த. தோத்தவன் முட்டிக்கையால போளையைத் தள்ளிக்கொண்டு போகவேணும், தோல் உரிஞ்சிடும். இதில தோத்தா முப்பது செக்கன் விளம்பரம் பாக்கவேணும். எது கூடின தண்டனை எண்டு இன்னும் முடிவெடுக்கேல்லை.

உது புது விளையாட்டில்லை. ஜப்பானில 1998இல 'பஸ் லூப்' எண்டு வந்தது (எங்கட பஸ் இல்லை). 2003இல பாப்கேப் கம்பனி 'சூமா'வை விட்டது. நான் தவளையைக் கண்டது 2005இல, கம்பியூட்டர் வகுப்பில. மாஸ்டர் வெளியால போனா எல்லாரின்ர ஸ்கிரீனிலும் தவளைதான். அதில மவுசின்ர வலப்பக்கத்தை அழுத்தினா, தவளை இப்ப துப்பப்போற போளையும் அடுத்ததாத் துப்பப்போற போளையும் இடம் மாறும். போனில தவளையைத் தொட்டாக் காணும்.

ருசி எங்க எண்டா, இடைவெளியில. சிவப்பு ரெண்டு, நடுவில பச்சை ரெண்டு, பிறகு சிவப்பு ஒண்டு நிக்குது எண்டு வையுங்கோ. பச்சையை அடிக்கவேணும். பச்சை போக, முன்னுக்குப் போன துண்டு தானாப் பின்னால இழுபட்டு வந்து ஒட்டும். சிவப்பு மூண்டும் தன்பாட்டில வெடிக்கும். வரிசையும் குழியை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகும். புதுசா விளையாடுற பெடியள் சிவப்பைக் கண்டா சிவப்பை அடிச்சுத்தான் தோக்கிறாங்கள்.

குறை ரெண்டு. மத்தியான வெயிலில ஊதாவும் நீலமும் ஒண்டுதான். ஓட்டோவுக்குள்ள குனிஞ்சு ஹூட் நிழலில பிடிச்சாத்தான் பிரிச்சுத் தெரியும். போளையில ஒரு கோடோ புள்ளியோ போட்டிருந்தா இந்தக் கரைச்சல் இல்லை. மற்றது அந்த விளம்பரம். டேட்டாவை நிப்பாட்டினா வராது, ஆனா எனக்கு ஹயர் வாற அப்புக்கு டேட்டா வேணுமே. ஐஞ்சுக்கு மூண்டரை குடுப்பன். விளம்பரம் இல்லாட்டி நாலரை.

போன கிழமை மருந்துப் பையோட ஒரு அம்மா வந்து ஏறினா, கோண்டாவிலுக்கு. வரிசை குழிக்கு நாலு போளை தூரத்தில. போனை வைக்கப் போக, பின்னாலயிருந்து எட்டிப் பாத்துச் சொன்னா: "தம்பி, அந்த மஞ்சளை அடியுங்கோ, பிறகு போவம்."

அடிச்சன். பதினொரு போளை ஒண்டாப் போச்சு. இறங்கேக்க காசோட விளையாட்டின்ர பேரையும் கேட்டு, துண்டில எழுதுவிச்சுக் கொண்டு போனா, பேரனிட்டப் போட்டுத் தரச் சொல்லவாம்.