மெத்தென்ற ஹீலா, கெட்டி ஹீலா? முதல் பளுதூக்கும் ஷூ பற்றி

என் ஷூ அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு ஜோடி பளுதூக்கும் ஷூக்கள் இருக்கின்றன. ஒன்றைப் புதிதாக வாங்கினேன். ஒரே வருடத்தில் பழையதாகிவிட்டது. இன்னொன்றைப் பழையதாகவே வாங்கினேன். மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. புதிதாகப் பளு தூக்க ஆரம்பித்தவர்கள், குறைந்த செலவில் எந்த ஷூ வாங்கலாம் என்று கேட்டால் இரண்டையும் எடுத்து மேசைமேல் வைத்துவிடுகிறேன். பாதிப் பேச்சு மிச்சமாகிறது. நான் எந்தப் பக்கம் என்பது இதற்குள் புரிந்திருக்கும். ஆனாலும் எல்லா வழிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

ஓட்டப்பயிற்சி ஷூ வேண்டாம் என்பதை நீட்டி முழக்கத் தேவையில்லை. ஓடும்போது காலில் இறங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காகவே அதன் அடியில் நுரை வைத்திருக்கிறார்கள். தோளில் பார்பெல் என்னும் எடை மாட்டிய இரும்புத் தண்டைச் சுமந்துகொண்டு அதே நுரைமேல் உட்கார்ந்து எழுவது, மெத்தைமேல் நின்று நிறைகுடத்தைத் தலையில் ஏற்றுவது போலத்தான்.

காசே செலவாகாத வழியும் உண்டு: வெறுங்கால், அல்லது வீட்டில் கிடக்கும் தட்டையான கான்வாஸ் ஷூ. கூடைப்பந்துக்காக 1917-இல் வந்த கான்வர்ஸ் ஆல் ஸ்டாரை இன்றும் பவர்லிஃப்டிங் செய்பவர்கள் காலில் பார்க்கலாம். தரையில் கிடக்கும் பாரை இழுத்து நிமிரும் டெட்லிஃப்டுக்கு இது போதும். போதும் என்ன, அதுதான் சரி. பாதம் தரைக்கு நெருக்கமாக இருக்க இருக்க, பாரை இழுக்கவேண்டிய தூரம் குறைகிறது. சிக்கல், பாரைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில்தான் வருகிறது, அதுவும் எல்லோருக்கும் வருவதில்லை. சுவரைப் பார்த்து நின்று, கால் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட்டால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது என்று பொருள். அப்படிப்பட்டவர் ஸ்குவாட், டெட்லிஃப்ட் மட்டும் செய்வதானால் ஷூவுக்கான பணத்தை இப்போதைக்குப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. என் முழங்கால் சுவரைத் தொட, கட்டைவிரலை 6 செ.மீ. வரை நெருக்கவேண்டியிருந்தது.

கணுக்கால் மடங்காதவர் ஆழமாக உட்காரும்போது முழங்கால் முன்னே போக முடியாமல் நின்றுவிடுகிறது. அதை ஈடுகட்ட முதுகு முன்னால் சாய்கிறது, அல்லது குதிகால் எழுந்துவிடுகிறது. ஷூவின் பின்பக்கம் உயர்ந்திருந்தால் அந்த மடக்கத்தில் ஒரு பங்கு குறைகிறது. உடம்பு நிமிர்ந்து உட்கார்கிறது. தொடை எலும்பு நீளமானவர்கள் இந்த மாற்றத்தை முதல் நாளே உணர்வார்கள். பாரை ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்கும் ஸ்நாட்ச், முதலில் தோளுக்கு ஏற்றிப் பிறகு தலைக்குமேல் தள்ளும் கிளீன் அண்டு ஜெர்க் பழகுபவர்களுக்கோ இது கிட்டத்தட்ட கட்டாயம். பாரைத் தலைக்குமேல் வாங்கிக்கொண்டு உட்காரும்போது முன்னால் சாய இடமே இல்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. இடுப்பு சுமந்த வேலையில் ஒரு பகுதி முழங்காலுக்குப் போகிறது. ஏற்கெனவே முழங்கால் வலி இருப்பவர் ஷூ வாங்குவதற்குமுன் அதைக் கவனித்துக்கொள்வது நல்லது.

ஹீல் உயரத்தைப் பற்றிச் சின்ன எச்சரிக்கை. வெளியிலிருந்து ஸ்கேல் வைத்து ஹீலை மட்டும் அளந்துவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். விரல்களுக்குக் கீழே இருக்கும் கனத்தைக் கழிக்கவேண்டும். பின்னால் 30 மி.மீ., முன்னால் 10 மி.மீ. என்றால் காலுக்குக் கிடைக்கும் ஏற்றம் 20 மி.மீ. மட்டுமே. நைக் ரோமலியோஸ் வகை ஷூக்களில் இது 20 மி.மீ. அளவில் இருக்கும், அடிடாஸ் பவர்லிஃப்ட் போன்ற தொடக்க நிலை ஷூக்களில் 15 மி.மீ. அளவில் இருக்கும். இந்த 5 மி.மீ. வித்தியாசத்தைப் பற்றி நாள் கணக்கில் விவாதிப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் பெரிய வித்தியாசம் ஹீலே இல்லாததற்கும் 15-க்கும் இடையில்தான்.

ஷூ நமக்கு வேண்டுமா என்பதையே காசில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு மெல்லிய வெயிட் பிளேட்டுகளைத் தரையில் போட்டு, குதிகாலை அவற்றின்மேல் வைத்து, வெறும் பாருடன் நான்கைந்து முறை உட்கார்ந்து எழுங்கள். முதுகு சட்டென்று நிமிர்கிறதா? அப்படியானால் ஷூ உங்களுக்குப் பலன் தரும். நிரந்தர ஏற்பாடாக இதை நான் சொல்லமாட்டேன். பிளேட் வழுக்கும், ஒவ்வொரு செட்டிலும் கால் ஒவ்வோர் இடத்தில் நிற்கும்.

இனி உண்மையான போட்டி. கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான் என்றால் எதிரே இருப்பவை இரண்டு: இவிஏ என்னும் அடர்ந்த நுரையால் ஆன ஹீல் வைத்த புது ஷூ, டிபியு என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் ஹீல் வைத்த, இன்னொருவர் போட்டுக் கழித்த பழைய மாடல். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே செலவாகும். புதுசு புதுசுதானே என்று நான் முதலில் நுரையை வாங்கினேன்.

முதல் சில மாதங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. லேசாக இருந்தது, முன்பக்கம் நன்றாக வளைந்தது, முதல் நாளே காலுக்குப் பழகிவிட்டது. ஏழாவது மாதம் வாக்கில் ஸ்குவாட்டின் அடியிலிருந்து எழும்போது வலது முழங்கால் உள்பக்கம் சாயத் தொடங்கியது. இடுப்புத் தசை பலவீனம் என்று நானே முடிவுகட்டி, ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் பக்கவாட்டில் நண்டு நடை நடந்தேன். எதுவும் மாறவில்லை. ஒருநாள் மாஸ்டர், “ஷூவைக் கழற்றி அந்த பெஞ்சுமேல் வை தம்பி, ஹீல் நம்மைப் பார்த்து இருக்கட்டும்” என்றார். குனிந்து பார்த்தேன். இடது ஷூ நேராக நின்றது. வலது ஷூ, ஒரு பக்கம் மண் இறங்கிய சுவர் போல உள்பக்கம் சாய்ந்திருந்தது. நுரையின் பக்கவாட்டில் நெற்றிச் சுருக்கம் போல மெல்லிய கோடுகள். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளோரம் அமுங்கியது, வெளியோரம் அமுங்கவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் இரண்டு ஓரத்துக்கும் 3 மி.மீ. வித்தியாசம். ஷூ தரும் மொத்த ஏற்றமே 15 மி.மீ. எனும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு பக்கத்தில் மட்டும் காணாமல் போயிருந்தது.

நுரையின் இயல்பு அது. இவிஏ முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள். அழுத்தினால் சுருங்கி, விட்டால் நிமிர்கின்றன. ஆயிரக்கணக்கான முறை அழுத்தியபின் அவை முழுமையாக நிமிர்வதில்லை. ஓட்டப்பயிற்சி ஷூ சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துபோவதும் இதனால்தான்; பளுதூக்கும் ஷூவில் நுரை அடர்த்தி அதிகம் என்பதால் அந்தத் தளர்ச்சி தாமதமாக வருகிறது. 70 கிலோ ஆள் 80 கிலோ பாரைச் சுமந்தால் ஒவ்வொரு காலுக்கும் 75 கிலோ. ஜெர்க்கில் காலைப் பிரித்துத் தரையில் இறங்கும் கணத்தில் அதைவிட அதிகம். அமுங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரே சீராக அமுங்கினால் ஹீல் சற்றுக் குட்டையாகும், அவ்வளவே. நாம் எந்த ஓரத்தில் அதிகம் ஊன்றுகிறோமோ அந்த ஓரம் முதலில் போகிறது என்பதுதான் வினை. நம் கோணலை ஷூ மனப்பாடம் செய்து, மறுநாள் நமக்கே திருப்பி ஒப்பிக்கிறது. நாளுக்கு ஒரு மயிரிழை அளவில் நடப்பதால் காலுக்கு உறைப்பதும் இல்லை.

நியாயமாகச் சொல்லவேண்டும்: தவறில் என் பங்கும் உண்டு. அந்த ஷூவோடுதான் ஜிம்முக்கு நடந்து போனேன், கயிறு தாண்டினேன், செட்டுகளுக்கு இடையே அரட்டையும் அடித்தேன். என் வலது பாதம் இயல்பாகவே உள்பக்கம் சரிவது. பாதம் நேராக ஊன்றுகிற, ஸ்குவாட்டுக்கு மட்டும் ஷூவை எடுத்து மாட்டுகிற ஒருவருக்கு அது இன்னும் பல காலம் உழைத்திருக்கும்.

பிறகு வாங்கியதுதான் அந்தப் பழைய ஜோடி. அளவு தவறாக வாங்கிவிட்டு, ஆறேழு முறை போட்டுப் பார்த்து, விரல் நசுங்குகிறது என்று கைவிட்ட ஒருவருடையது. தோல் பளபளப்பு போயிருந்தது, பட்டையில் நூல் பிரிந்திருந்தது. ஹீல் மட்டும் கல். வாங்கிய அன்றே நான்கு மூலையிலும் உயரத்தை அளந்து இன்சோலின் அடியில் பேனாவால் எழுதி வைத்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகும் அதே நான்கு எண்கள்தான். முழங்கால் இன்னும் எப்போதாவது உள்ளே சாய்கிறது. இப்போது அது என் குற்றம் என்று நிச்சயமாகத் தெரிகிறது, திருத்தவும் முடிகிறது.

கெட்டி ஹீலுக்கும் குறை உண்டு. எடை கூடுதல். முன்பக்கம் விறைப்பாக இருக்கும். முதல் இரண்டு வாரம் விரல் கணுக்களில் உராயும். லஞ்ச் (ஒரு காலை முன்னே எட்டி வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது), கயிறு தாண்டல், சின்ன ஓட்டம் என எல்லாம் கலந்து செய்பவருக்கு அது காலில் கட்டிய கட்டை. அப்படிப்பட்டவர் நுரை ஹீலே வாங்கலாம். இரண்டு மாதத்துக்கு மேல் ஜிம்முக்குப் போவோமா என்றே சந்தேகம் உள்ளவருக்கும் அதையே சொல்வேன். கையில் பார் மட்டும் இருக்கும் காலத்தில் எந்த ஹீலும் அமுங்கப்போவதில்லை. மரத்தாலான ஹீல் வைத்த ஷூவை இன்னொருவரிடம் வாங்கி நாலைந்து செட் மட்டும் போட்டிருக்கிறேன். தரையில் படும்போது வரும் அந்த ‘டக்’ ஓசைக்காகவே பிடித்திருந்தது. நாள்பட எப்படி இருக்கும் என்று அந்த நாலைந்து செட்டை வைத்துச் சொல்வது நேர்மையாகாது.

பழையதை வாங்கும்போது ஹீலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவேண்டியதில்லை. அது உடைந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். பார்க்கவேண்டியது பசை. ஷூவின் முன்முனையைப் பிடித்து மெல்ல வளைத்து, மேல்தோலும் அடிப்பாகமும் சேரும் கோட்டைப் பாருங்கள். நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தால் பேரத்தைத் தொடங்குங்கள். கொஞ்சம் பிளந்திருந்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஒட்டித் தைத்துவிடலாம். என்னுடையதில் இடது ஷூவின் முன்முனை அப்படித்தான் ஒட்டப்பட்டது, இதுவரை விடவில்லை. சுற்றிலும் பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு இன்சோலை உருவி உள்ளே பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். முந்தையவர் எப்படி வைத்திருந்தார் என்பதை மூக்கு சொல்லிவிடும்.

அளவு விஷயத்தில் ஓட்டப்பயிற்சி ஷூவின் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். இதில் கால் முன்னும் பின்னும் நகரக்கூடாது. விரல் நுனி முன்சுவரைத் தொடலாம், மடங்கக்கூடாது. எனக்கு அரை அளவு சிறியது சரியாக இருந்தது. பயிற்சிக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டு, ஒருமுறை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு மட்டும் பார்த்தால் தெரியாது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஜிம்முக்குள் மட்டும் போடுங்கள். கழற்றியதும் லேஸை முழுதாகத் தளர்த்தி, இன்சோலை வெளியே எடுத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பசை இளகும். வெல்க்ரோ பட்டை ஒட்ட மறுத்தால் பட்டை கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பஞ்சும் முடியும் அடைந்திருக்கும்; ஊசியாலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் பத்து நிமிடத்தில் சுத்தமாகிவிடும்.

மறுவிற்பனையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். கெட்டி ஹீல் ஷூவைப் பழையதாக வாங்கியவர், பிடிக்காவிட்டால் ஏறக்குறைய கொடுத்த பணத்துக்கே கைமாற்றிவிடலாம். என்னுடையதை இருவர் கேட்டுவிட்டார்கள். சாய்ந்த நுரை ஜோடியை இலவசமாகக் கொடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இந்த இரண்டு ஜோடியையும் கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டு ஹீலையும் கட்டைவிரலால் அழுத்தினார். “கெட்டியானதே எடுத்துக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் பழையதில் என் கால் அளவுக்குக் கிடைக்குமா?” என்றார். அவருடைய பாதம் என் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. நான் தேடிய நாட்களில் சிறிய அளவுகள் கண்ணில் பட்டதே அபூர்வம்; என் யோசனையில் இருக்கும் ஓட்டை அது. கிடைக்கும்வரை பிளேட்டுமேல் நின்று வெறும் பாரோடு பழகுங்கள் என்றேன். ஒரு மாதம் தேடியும் அமையாவிட்டால் நுரை ஹீலைப் புதிதாக வாங்கிக்கொள்ளவும், வாங்கிய அன்றே நான்கு மூலையையும் அளந்து எழுதிவைக்கவும் சொல்லியிருக்கிறேன்.