எதற்கு எவ்வளவு? சில வருடங்களாகக் கணக்குப் போட்டு வாங்கியதில் தெரிந்தது

ஒரு பொருளின் விலையை மட்டும் பார்க்காமல், கிலோவுக்கு எவ்வளவு, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் எனக்குச் சில வருடங்களாக இருக்கிறது. செலவு குறைகிறதா என்றால், குறைகிறது. ஆனால் வகுப்பது எளிது. எதால் வகுப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

மளிகையில் பாதி வேலையை இப்போது பாக்கெட்டே செய்துவிடுகிறது. 2021-இல் பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகளைத் திருத்தி, எம்.ஆர்.பி.யோடு அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்றார்கள். நல்ல விதி, ஆனால் அரைகுறை. 1 கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் கிராமுக்கு விலை, கூடினால் கிலோவுக்கு விலை. அரை கிலோ சலவைத்தூளில் 0.14 என்றும் 4 கிலோ பையில் 137 என்றும் இருக்கும். 0.14-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 140, சரி, பெரிய பைதான் மலிவு என்று எடுத்துவிடத் தோன்றும். அங்கேதான் சிக்கல். இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிய எண் அது. உள்ளே 135-ம் இருக்கலாம், 144-ம் இருக்கலாம். உப்பு மாதிரி மலிவான பொருளுக்கு இந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை. போதாததற்கு, கணக்கெல்லாம் எம்.ஆர்.பி.யை வைத்துத்தான், கடைக்காரர் தரும் தள்ளுபடி அதில் வராது. நான் இன்னமும் கைப்பேசியில்தான் வகுக்கிறேன்.

எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். சமையல் எண்ணெய் தண்ணீரை விட லேசு. 1 லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான். பக்கத்திலேயே அதே உயரத்தில் 850 கிராம் பாக்கெட்டும் நிற்கும். உதாரணத்துக்கு, லிட்டர் பாக்கெட் 160 ரூபாய், 850 கிராம் பாக்கெட் 152 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ரூபாய் லாபம் மாதிரி தெரியும். கிலோவுக்குப் பார்த்தால் முதலாவது 176, இரண்டாவது 179. மரச்செக்கு எண்ணெயிலும் இதே கதைதான். ஒரு கடையில் கிலோ விலை, அடுத்த கடையில் லிட்டர் விலை. கிலோ 400 என்றால் லிட்டருக்கு 364 தான் வரும். 380-க்கு லிட்டர் தருபவரிடம் வாங்கினால் நஷ்டம். இதில் வெப்பநிலை வேறு: சோயா எண்ணெய் 1 லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சில நிறுவனங்கள் அளவோடு இப்படி வெப்பநிலையையும் போட்டுக்கொண்டிருந்ததால், அதை எடுத்துவிட்டு நிகர அளவை அச்சிடும்படி 2022-இல் மத்திய அரசு சொன்னது. எண்ணெயைப் பொறுத்தவரை நான் கிலோவை மட்டும் நம்புகிறேன்.

கிலோவும் எல்லா இடத்திலும் உதவாது. இறாலில் தலையும் ஓடும் போனால் பாதிதான் தேறும், அதனால் உரித்த இறாலின் விலையோடு நேராக ஒப்பிடக் கூடாது. சலவைத்தூளுக்கு ஒரு தடவை துவைக்க எவ்வளவு ஆகிறது என்பதே கணக்கு. பூ முழத்துக்கு மட்டும் எந்தக் கணக்கும் கிடையாது, அது பூக்கார அம்மாவின் கை.

வண்டிக்கு வருவோம். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசுவது நம் வழக்கம், ஆனால் ஒப்பிட அது தோதான அளவு இல்லை. ஒரு ஸ்கூட்டர் 45-லிருந்து 60-க்குப் போகிறது, ஒரு கார் 15-லிருந்து 20-க்குப் போகிறது. கேட்பதற்கு ஸ்கூட்டர்தான் பெரிய முன்னேற்றம். 100 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஸ்கூட்டரில் மிச்சம் 0.56 லிட்டர், காரில் 1.67 லிட்டர். ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சி.என்.ஜி. (அழுத்திய இயற்கை எரிவாயு) கார் வைத்திருப்பவர் 25 தருகிறது என்றால் அது கிலோவுக்கு, லிட்டருக்கு இல்லை. மின்சார ஸ்கூட்டருக்கு யூனிட். எல்லாவற்றையும் கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று கொண்டுவந்த பிறகுதான் நான் எந்த விவாதத்துக்கும் வருவேன்.

இந்தப் பழக்கத்தால் எனக்கு அதிகம் மிச்சமானது கரண்ட் பில்லில். மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்துச் சராசரி பார்ப்பவர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் அந்தச் சராசரி ஏமாற்றும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய், யூனிட்டுக்கு மூன்றரைக்குக் கீழே. 501 ஆனால் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை போய்விடுவதால் வரும் வித்தியாசம் இது. அப்புறம் கட்டணம் ஏறிவிட்டது, 500-இல் இருக்கும் படிக்கட்டு மட்டும் போகவில்லை.

அதனால் நான் பார்ப்பது நாளுக்கு எத்தனை யூனிட் என்பதை. ஐம்பதாம் நாள் 440 ஓடியிருந்தால் நாளுக்கு 8.8, இப்படியே போனால் அறுபதாம் நாள் 528. மிச்சம் பத்து நாளை நாளுக்கு 6 யூனிட்டில் ஓட்ட வேண்டும். எங்கள் ஏசி மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் இழுக்கிறது, இரவில் மூன்று மணி நேரம் குறைத்தால் சமாளிக்கலாம். பழைய 75 வாட் மின்விசிறிக்குப் பதில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த 28 வாட் விசிறி போட்டதும் கைகொடுத்தது: தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கே 34 யூனிட் மிச்சம். மே மாதத்தில் இதெல்லாம் நடக்காது. எப்படியும் 500 தாண்டும், தாண்டிவிட்டால் அடுத்த யூனிட்டுகளுக்கு எட்டு, ஒன்பது ரூபாய்தான், ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவோம்.