ஏழு வருடக் கிரெடிட் கார்டும் மூன்றரை வட்டியும்

அக்கா மகனுக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் போன் செய்தான். "மாமா, ஆபீஸ் கீழே கிரெடிட் கார்டு ஸ்டால் போட்டிருக்காங்க. லைஃப்டைம் ஃப்ரீயாம். நீங்க ரொம்ப வருஷமா வச்சிருக்கீங்கல்ல, வாங்கலாமா?" வாங்குடா என்று வாய் வரை வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்த யோசனைதான் இது.

என் கார்டு 2018இல் வாங்கியது. ரிவார்டு பாயின்ட், ஏர்போர்ட் லவுஞ்ச் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதற்கென்றே வீடியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அறுபதாயிரத்தில் தொடங்கிய லிமிட் இன்றைக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தில் நிற்கிறது. என் சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தக் கார்டில் ஒரே ஒரு எரிச்சல்தான். பணம் கட்டுகிற பக்கம். ஆப்பைத் திறந்தால் மூன்று வரி வரும்: மொத்தத் தொகை, மினிமம் ட்யூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டியது), வேறு தொகை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். நான் தொடுவதற்கு முன்பே நடு வட்டத்தில் ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கும். மினிமம் ட்யூ. பதினெட்டாயிரம் பில் என்றால், 900 ரூபாய் கட்டினால் போதும் என்று பச்சை நிறத்தில் பட்டன் தயாராக நிற்கும். மாதாமாதம் அந்தப் புள்ளியைக் கட்டை விரலால் மேலே தள்ளிவிட்டுத்தான் கட்டுகிறேன். இடையில் இரண்டு முறை ஆப்பை முழுசாக மாற்றினார்கள். நிறம் மாறியது, எழுத்து மாறியது, லோகோகூடக் கொஞ்சம் சாய்ந்தது. புள்ளி மட்டும் நகரவில்லை.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். 2021 விநாயகர் சதுர்த்தி ஆஃபரில் 36,000 ரூபாய்க்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். தேதி செப்டம்பர் 10. பில் அக்டோபர் 8இல் வந்தது, கட்டக் கடைசி நாள் 28. அப்போது எனக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி. மாதக் கடைசி, வாரம் திரும்பினால் தீபாவளி, கையில் கொஞ்சம் இடித்தது. மினிமம் எல்லாம் கட்டவில்லை, அவ்வளவு அசடு இல்லை நான். 35,000 கட்டினேன். பாக்கி ஆயிரம்தானே, அதற்கு வட்டி என்ன, முப்பத்தைந்து ரூபாய் வருமா, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த பில்லில் வட்டி, ஜிஎஸ்டி இரண்டும் சேர்ந்து 2,630 ரூபாய்.

கஸ்டமர் கேர் பெண் பொறுமையாகத்தான் விளக்கினார். முழுத் தொகையைக் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் உண்டு. ஒரு ரூபாய் குறைந்தாலும் அந்தச் சலுகை மொத்தமாகப் போய்விடும். வட்டி பாக்கி ஆயிரத்துக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. 36,000 முழுவதற்கும், வாங்கிய நாளிலிருந்து நான் கட்டிய நாள் வரை, 48 நாளுக்கு வட்டி. அது மட்டும் 1,988. நடுவில் அக்டோபர் 17ஆம் தேதி தீபாவளித் துணி 9,000 ரூபாய்க்கு எடுத்திருந்தேன். அதற்குக் கடைசித் தேதியே இன்னும் வரவில்லை. ஆனாலும் எடுத்த நாளிலிருந்து வட்டி. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சரி, தொலையட்டும் என்று அத்தனையையும் நவம்பரில் கட்டி முடித்தேன். டிசம்பர் பில்லில் மறுபடியும் இருநூற்று எழுபது சொச்சம். பில் போட்ட நாளுக்கும் நான் கட்டிய நாளுக்கும் நடுவில் இருபது நாள் இருந்ததே, அதற்கான வட்டியாம்.

வீட்டில் சொன்னபோது அவள் கேட்ட ஒரே கேள்வி: "ஏங்க, மாசம் எவ்வளவு வட்டி?" மூன்றரை சதவீதம் என்றேன். "மூன்றரை வட்டியா? நம்ம தெருவில் யாராவது மூன்றரை வட்டிக்கு வாங்கினா நீங்களே திட்டுவீங்க. என் வளையலைக் கொண்டுபோய் பேங்க்ல வச்சா ஒரு வட்டிகூட வராது."

அன்றைக்குத்தான் உறைத்தது. 'மாதம் 3.5%' என்று எழுதியிருந்தால் ஏதோ ஃபைனான்ஸ் சமாச்சாரம் போலத் தெரிகிறது. மூன்றரை வட்டி என்று சொன்னால் வயிற்றைப் பிசைகிறது. வருடத்துக்கு 42 சதவீதம். வருடத்துக்கு முப்பது சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆக, சட்டப்படி அவர்கள்மேல் குற்றமில்லை. என் கோபம் புள்ளியின்மேல்தான்.

மினிமம் மட்டும் கட்டுகிறவர் கதையை அக்கா மகனுக்காகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாக்கி 50,000 என்று வையுங்கள். ஐந்து சதவீதம் மினிமம், 2,500. ஒரு மாத வட்டி 1,750, ஜிஎஸ்டி 315. மீதி 435 ரூபாய்தான் கடனில் கழியும். கார்டைத் தொடாமலே இருந்தாலும் இப்படி. இந்த ஆபத்தைப் பில்லில் எச்சரிக்கையாக அச்சிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. என் பில்லிலும் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தேடினால் கிடைக்கும்.

இவ்வளவு திட்டிவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அப்பாவை நள்ளிரவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அறுபதாயிரம் முன்பணம் கேட்டார்கள். இந்தக் கார்டுதான் கட்டியது. யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஓர் இரவுக்காகவே இதை வெட்டிப்போட மனசு வரவில்லை.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று. 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் புது விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, பில் போடும் தேதியை நாமே மாற்றிக் கேட்கலாம் என்றார்கள். கேட்டேன். இப்போது கடைசித் தேதி ஆறு வாக்கில் வருகிறது, சம்பளம் வந்து ஐந்து நாள் கழித்து. கேஷ்பேக் எல்லாம் இதன் காலில் கட்டி அடிக்க வேண்டும். இந்த ஒரு மாற்றம் 2021இலேயே இருந்திருந்தால் 2,630 ரூபாய் மிஞ்சியிருக்கும். உங்கள் கடைசித் தேதி மாதக் கடைசியில் விழுகிறதென்றால் வேறு எதையும் பார்க்காதீர்கள், முதலில் இதைச் செய்யுங்கள்.

போன வருடம் ஒரு ரூபே கிரெடிட் கார்டும் சேர்ந்துகொண்டது, யுபிஐயில் இணைக்கலாம் என்பதற்காக. எங்கள் தெரு மளிகைக் கடையில் "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று ஒரு பழைய தகரப் பலகை தொங்குகிறது. அதற்கு நேர் கீழே க்யூஆர் கோடு. நான் அதை ஸ்கேன் செய்து கடனில் துவரம்பருப்பு வாங்குகிறேன். அண்ணாச்சிக்கு ரொக்கம், எனக்குக் கடன், பலகை சொன்னது பொய்யாகவும் இல்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டு ரூபாய் கொத்தமல்லிக் கட்டுக்கும் கடன் வைக்கிறோம் என்று நினைக்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வரி: வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. தள்ளுபடியாகக் காட்டும் வட்டிக்கு ஜிஎஸ்டியும், புராசஸிங் கட்டணமும் பில்லில் வரும்போது நீங்களும் சொல்வீர்கள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏழு வருடத்தில் இந்தக் கார்டால் எனக்கு லாபம்தான். ஆண்டுக் கட்டணம் ஒரு தடவைகூடக் கட்டியதில்லை. வட்டி கட்டியது அந்த ஒரே தீபாவளிக்குத்தான். வீட்டுக் கடன் கேட்கப் போனபோது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் 790ஐத் தாண்டி இருந்தது, மேனேஜர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். இதெல்லாம் உண்மை. ஆனாலும் நேற்று இரவு அவனைக் கூப்பிட்டு, "வேண்டாம்டா, ஒரு வருஷம் போகட்டும்" என்றுதான் சொன்னேன். நேற்றுதான் இந்த மாதப் பில் கட்டினேன், புள்ளியைத் தள்ளிவிட்டு. அந்தக் கடுப்பாகவும் இருக்கலாம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மாமா, அன்னைக்கே சைன் பண்ணிட்டேன். கார்டு வந்திருச்சு."

சரி, மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகவே பில் கட்டுகிற ஆட்டோ டெபிட்டாவது போட்டாயா என்றேன். "அதெல்லாம் போட்டாச்சு மாமா" என்றான் பெருமையாக. ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். வேறு வங்கி, வேறு ஆப், வேறு நிறம். மூன்று வரி, மூன்று வட்டம். புள்ளி நடுவில்.